விண்ணையும் பீப்பாயையும் அளந்தவர்

நுழையும்முன்

ஒரு கலத்தின் வெளிவடிவம் கண்ணுக்குத் தெரியும். அதனுள் அடங்கும் அளவோ கண்ணுக்குத் தெரிவதில்லை. விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் நம்ப வேண்டுமெனில், அந்த அளவைக் கணிக்கும் முறை நேர்மையானதாக இருத்தல் வேண்டும். கோள்களின் பாதையைக் கண்டறிந்த வானியல் அறிஞர் ஒருவர், தம் வீட்டிற்கு வந்த மதுப் பீப்பாய்களை முன்னிட்டு இவ்வினாவை எழுப்பினார். அதற்கு அவர் கண்ட விடை, பின்னாளில் நுண்கணிதம் எனப்பட்ட துறைக்கு வழிகோலியவற்றுள் ஒன்றாயிற்று. அவ்வறிஞர் ஜோகன்னஸ் கெப்ளர். அவர்தம் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

ஜெர்மனியின் தென்மேற்குப் பகுதியிலுள்ள வைல் டெர் ஷ்டாட் என்னும் சிற்றூரில் 1571ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27ஆம் நாள் கெப்ளர் பிறந்தார். குறைமாதத்தில் பிறந்தமையால் அவர் மெலிந்த உடலினராகவே வளர்ந்தார். தந்தை ஹைன்ரிஷ் கூலிப்படை வீரர். போர் தேடிப் பலமுறை வீட்டைப் பிரிந்தவர், இறுதியில் ஒருமுறை சென்று திரும்பவேயில்லை. தாய் கேத்தரினா, விடுதி நடத்திய ஒருவரின் மகள். குடும்பத்தின் சுமை முழுவதும் அவர் தோள்மீது விழுந்தது.

சிறு வயதில் கண்ட பெரியம்மை கெப்ளரின் பார்வையை மங்கச் செய்தது. கைகளையும் வலுவிழக்கச் செய்தது. விண்மீன்களைக் கூர்ந்து நோக்கி அளப்பதற்கு வேண்டிய கண்ணும் கையும் அவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும், 1577ஆம் ஆண்டில் வானில் தோன்றிய பெரிய வால்விண்மீனைக் காட்டுவதற்காகத் தாய் தம்மை மேட்டு நிலத்திற்கு அழைத்துச் சென்றதை அவர் வாழ்நாள் முழுவதும் நினைவில் வைத்திருந்தார்.

கல்வியில் சிறந்த ஏழை மாணவர்க்கு அந்நாட்டரசு வழங்கிய உதவித்தொகையால் அவர் 1589இல் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சமயக் குருவாக வேண்டும் என்பதே அவர் எண்ணம். அங்கே மைக்கேல் மேஸ்ட்லின் என்னும் ஆசிரியர், ஞாயிற்றை நடுவாகக் கொண்டு கோள்கள் சுழல்கின்றன என்னும் கோப்பர்நிக்கசின் கொள்கையை அவருக்கு அறிமுகப்படுத்தினார். 1594ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரப் பள்ளியில் கணித ஆசிரியர் பணி கிடைத்தது. குருவாக எண்ணியவர் கணித ஆசிரியரானார்.

எட்டுக் கலை வேறுபாடு

கிராஸ் நகரில் சீர்திருத்தக் கிறித்தவர்கள் வெளியேற்றப்பட்டபோது, கெப்ளர் வாழ்வு தேடிப் பிராக் நகருக்குச் சென்றார். அங்குப் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் அரசவையில் டைக்கோ பிராஹே வானியலாளராக விளங்கினார். தொலைநோக்கி தோன்றுவதற்கு முன்பே, வெறுங்கண்ணால் கோள்களின் இடங்களை வியத்தகு துல்லியத்துடன் அளந்து குறித்தவர் அவர். 1601இல் டைக்கோ மறைந்தபின், அவர் வகித்த அரசவைக் கணித அறிஞர் பொறுப்பும் அவர் சேர்த்துவைத்த அளவீடுகளும் கெப்ளரிடம் வந்து சேர்ந்தன.

செவ்வாய்க் கோளின் பாதையை வட்டமெனக் கொண்டு கெப்ளர் கணக்கிட்டார். பல்லாண்டு உழைப்புக்குப் பின் கணக்கு ஏறத்தாழப் பொருந்தியது. ஆனால் டைக்கோவின் அளவீட்டோடு எட்டுக் கலை வேறுபட்டது. ஒரு பாகையை அறுபது கூறாக்கினால் ஒரு கூறு ஒரு கலை. அத்துணைச் சிறு வேறுபாட்டை அளவீட்டுப் பிழை என்று அவர் எளிதில் ஒதுக்கியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. டைக்கோவின் அளவு தவறாது என்று நம்பித் தம் கணக்கையே கைவிட்டார். மீண்டும் தொடங்கிய தேடலின் முடிவில், கோளின் பாதை வட்டமன்று, நீள்வட்டம் என்பது புலனாயிற்று. ஞாயிற்றையும் கோளையும் இணைக்கும் கோடு சம காலங்களில் சம பரப்புகளைக் கடக்கும் என்பதையும் அவர் கண்டார். இவ்விரு விதிகளும் 1609இல் வெளிவந்த 'புதிய வானியல்' என்னும் நூலில் இடம்பெற்றன.

இப்பரப்பைக் கணக்கிடும்போது அவர் கையாண்ட முறை குறிப்பிடத்தக்கது. வளைந்த எல்லையையுடைய பரப்பை எண்ணற்ற மெல்லிய கூறுகளாகப் பிரித்து, அவற்றைக் கூட்டி முழுமையை மதிப்பிடுதலே அம்முறை. அதே எண்ணம் பின்னொரு நாள் பீப்பாய்களை அளக்கும்போது மீண்டும் அவருக்குத் துணைநின்றது.

பனித்துகளும் பீரங்கிக் குண்டும்

ஒரு குளிர்காலத்தில் பிராக் நகரப் பாலத்தைக் கடந்து சென்றபோது, மேலாடையில் விழுந்த பனித்துகள்கள் யாவும் ஆறு முனைகளுடன் இருப்பதைக் கெப்ளர் கண்டார். ஐந்தாகவோ ஏழாகவோ இல்லாமல் ஏன் ஆறு என்னும் வினாவை ஆராய்ந்து, 1611இல் ஒரு சிறுநூல் எழுதித் தம் நண்பருக்குப் புத்தாண்டுப் பரிசாக அளித்தார்.

அந்நூலில் அவர் சம அளவுள்ள உருண்டைகளை ஒரு பெட்டியில் எவ்வாறு அடுக்கினால் மிகுதியாக அடங்கும் என்பதையும் எண்ணிப் பார்த்தார். கப்பல் தளத்தில் பீரங்கிக் குண்டுகளை அடுக்குவது பற்றி ஆராய்ந்த ஆங்கிலேய அறிஞர் தாமஸ் ஹாரியட்டுடன் அவருக்குக் கடிதத் தொடர்பு இருந்தது. கீழடுக்கின் குழிகளில் மேலடுக்கின் உருண்டைகள் அமரும்படி அடுக்குவதே மிக நெருக்கமான அடுக்கு என்று கெப்ளர் கூறினார். பழக்கடைகளில் ஆரஞ்சுப் பழங்கள் கூம்பாக அடுக்கப்பட்டிருப்பதும் இம்முறையில்தான். அவ்வாறு அடுக்கினால் இடத்தின் 74 விழுக்காட்டிற்குச் சற்று மிகுதியான பகுதி நிரம்பும்; எஞ்சியது வெற்றிடமாகவே நிற்கும். இதனினும் சிறந்த அடுக்கு இல்லை என்பதற்கு அவர் சான்று தரவில்லை.

தெரியுமா?

உருண்டை அடுக்கு பற்றிக் கெப்ளர் கூறியது 'கெப்ளர் ஊகம்' என்று பெயர் பெற்றது. பழக்கடைக்காரருக்கும் தெரிந்த அவ்வுண்மையை நிறுவுவதற்குக் கணித உலகிற்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் தேவைப்பட்டன. அமெரிக்கக் கணித அறிஞர் தாமஸ் ஹேல்ஸ் கணினியின் துணையோடு 1998இல் சான்றை அறிவித்தார். அச்சான்றின் ஒவ்வொரு படியையும் கணினி வழியே சரிபார்க்கும் பணி 2014இல் நிறைவுற்றது.

துயரும் புதுவாழ்வும்

அதே 1611ஆம் ஆண்டு கெப்ளருக்குக் கொடியதாயிற்று. ஆறு வயது மகன் ஃபிரீட்ரிஷ் பெரியம்மையால் இறந்தான். சில திங்களில் மனைவி பார்பராவும் நோயுற்று மறைந்தார். அரியணையை இழந்த பேரரசர் ருடால்ஃபும் அடுத்த ஆண்டு காலமானார். தாயற்ற இரு குழந்தைகளின் தந்தையாய் நின்ற கெப்ளர், 1612இல் டான்யூப் ஆற்றங்கரையிலுள்ள லின்ஸ் நகரில் கணித ஆசிரியராகப் பணியேற்றார்.

1613ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 30ஆம் நாள் அவர் சூசன்னா என்னும் பெண்ணை மணந்தார். சூசன்னா தச்சர் ஒருவரின் மகள். இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். அவ்வாண்டு ஆஸ்திரியாவில் திராட்சை விளைச்சல் மிகுந்திருந்தது. மது நிரம்பிய பீப்பாய்கள் படகுகளில் வந்து லின்ஸ் நகரின் ஆற்றங்கரையில் குவிந்தன, விலையும் குறைந்திருந்தது. புதிதாக இல்லறம் தொடங்கிய கெப்ளர், வீட்டுத் தேவைக்குச் சில பீப்பாய்களை வாங்கினார்.

ஒரே கோல்

சில நாள்களுக்குப் பின் விலையைக் கணக்கிட வணிகர் வந்தார். அவர் கையில் ஒரே ஓர் அளவுகோல் மட்டுமே இருந்தது. கிடையாக வைத்த பீப்பாயின் வயிற்றுப் பகுதியில், மேற்புறத்தில் அடைப்புத் துளை ஒன்று இருக்கும். வணிகர் அத்துளை வழியே கோலைச் சாய்வாகச் செலுத்தி, பீப்பாயின் முகப்பலகை அடிப்புறத்தில் சேரும் விளிம்பைத் தொடச் செய்தார். கோல் எத்துணை ஆழம் சென்றதோ, அங்குப் பொறித்திருந்த எண்ணே மதுவின் அளவு. குட்டையான பீப்பாய்க்கும் நெட்டையான பீப்பாய்க்கும் அதே கோல். அதே அளவு முறை. எந்தப் பெருக்கலும் வகுத்தலும் அங்கு நிகழவில்லை.

கெப்ளர் வியப்புற்றார், ஐயமும் கொண்டார். ரைன் ஆற்றங்கரை நாடுகளில் சிறு கலத்தால் ஒவ்வொன்றாக முகந்து எண்ணியே பீப்பாயின் கொள்ளளவை அறிந்தனர். இங்கோ ஒரு சாய்கோட்டின் நீளம் மட்டுமே கொள்ளளவைத் தீர்மானித்தது. வடிவம் வேறுபட்ட இரு பீப்பாய்களில் சாய்கோடு ஒன்றாக இருப்பினும் மதுவின் அளவு வேறாகலாம் அன்றோ?

ஐயம் நியாயமானதே என்பதை இக்கால அளவுகளைக் கொண்டு காணலாம். எளிமைக்காகப் பீப்பாயை உருளை எனக் கொள்வோம். கோல் உள்ளே செல்லும் நீளம் 100 செ.மீ. என்க. பீப்பாயின் நீளம் 120 செ.மீ., விட்டம் 80 செ.மீ. எனின், நீளத்தில் பாதியான 60, விட்டம் 80, கோல் 100 ஆகியவை ஒரு செங்கோண முக்கோணத்தின் பக்கங்களாகும். அப்பீப்பாயின் கொள்ளளவு ஏறத்தாழ 603 லிட்டர். நீளம் 160 செ.மீ., விட்டம் 60 செ.மீ. எனினும் கோல் காட்டுவது அதே 100 செ.மீ. தான், ஆனால் கொள்ளளவு ஏறத்தாழ 452 லிட்டர் மட்டுமே. ஒரே விலை கொடுத்தவருள் ஒருவர் கால்பங்கு மதுவை இழப்பார். கோல் பொய் சொல்வதில்லை. அதை வடிவம் பாராது நம்பினால் ஏமாற்றம் நேரும்.

வணிகர்மீது குற்றம் சாட்டுவதோடு கெப்ளர் நின்றிருக்கலாம். அவர் கணக்கில் இறங்கினார். கோலின் நீளம் மாறாதிருக்க, எந்த வடிவம் மிகுதியான மதுவைக் கொள்ளும் என்று ஆராய்ந்தார். நீளம் விட்டத்தைப் போல் ஏறத்தாழ 1.41 மடங்கு, அதாவது இரண்டின் வர்க்கமூல மடங்கு, இருக்கும்போது கொள்ளளவு உச்சத்தை அடைகிறது. மேற்கண்ட கோலுக்கு அவ்வுச்ச அளவு ஏறத்தாழ 605 லிட்டர்.

ஆஸ்திரியப் பீப்பாய் செய்வோர் பக்கப்பலகையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கை முகப்பலகையின் ஆரமாகக் கொள்வது மரபு. அதன்படி நீளம் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்காகிறது. நாம் முதலில் கண்ட 120, 80 என்னும் அளவுகள் இம்மரபிற்கு உரியவையே. அதன் கொள்ளளவு உச்ச அளவினின்று இரண்டு லிட்டர்கூடக் குறைவதில்லை.

இதனினும் வியப்பான உண்மையொன்றையும் கெப்ளர் கண்டார். கோல் 100 செ.மீ. என்றே இருக்க, பீப்பாயின் நீளம் 110 செ.மீ. ஆயினும் 120 செ.மீ. ஆயினும் கொள்ளளவு உச்சத்தினின்று ஏறத்தாழ இரண்டு லிட்டருக்குள்ளேயே வேறுபடுகிறது. மலையுச்சியில் நிற்பவர் முன்னே ஓரடி வைத்தாலும் பின்னே ஓரடி வைத்தாலும் உயரம் பெரிதும் குறையாது. சரிவில் நிற்பவருக்கோ ஒவ்வோர் அடியும் ஏற்றமாகவோ இறக்கமாகவோ அமையும். உச்சத்தின் அருகே மாற்றம் மிகச் சிறிது என்னும் இவ்வுண்மையால், கைவினைஞர் செய்கையில் நேரும் சிறு பிழைகள் வாங்குபவருக்கு இழப்பை விளைவிப்பதில்லை. ஆஸ்திரியப் பீப்பாய்க்கு ஒரே கோல் போதும் என்பதைக் கெப்ளர் ஒப்புக்கொண்டார். கணிதம் கல்லாத கைவினைஞரின் மரபிலேயே நல்ல வடிவியல் அடங்கியிருப்பதை எண்ணி மகிழ்ந்தார்.

வளைவுகளின் கணக்கு

உண்மையில் பீப்பாய் உருளையன்று. அதன் வயிறு பருத்திருக்கும். வளைந்த பக்கங்களையுடைய இத்தகைய திண்மங்களை அளக்கும் முறையைக் கெப்ளர் விரிவாக ஆராய்ந்தார். கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடிஸ் கோளம், கூம்பு முதலியவற்றை ஆராய்ந்திருந்தார். கெப்ளர் வட்டம், நீள்வட்டம் முதலிய வளைகோடுகளை வெவ்வேறு அச்சுகளைப் பற்றிச் சுழற்றித் தொண்ணூறுக்கும் மேற்பட்ட திண்மங்களை வகுத்தார். அவற்றுள் சிலவற்றிற்கு ஆப்பிள், எலுமிச்சை என்று பழங்களின் பெயர்களையே சூட்டினார்.

வட்டத்தை மையத்தில் கூர்முனைகள் கூடும் எண்ணற்ற சிறு முக்கோணங்களாகவும், திண்மத்தை எண்ணற்ற மெல்லிய தகடுகளாகவும் அவர் கருதினார். ஒவ்வொரு தகட்டின் அளவையும் கூட்டினால் முழுத் திண்மத்தின் கனஅளவு கிடைக்கும். ஆர்க்கிமிடிசின் முறையிலிருந்த கண்டிப்பான நிறுவல் இதில் இல்லை என்று சிலர் குறை கூறினர். அக்குறை உண்மையே. ஆயினும் அளக்க இயலாதிருந்த பல வடிவங்களை அளக்க அவரது முறை வழிவகுத்தது.

இவ்வாய்வு 'மதுப் பீப்பாய்களின் புதிய கனஅளவியல்' என்னும் பொருள்படும் தலைப்புடன் 1615இல் லின்ஸ் நகரில் இலத்தீன் நூலாக வெளிவந்தது. இலத்தீன் அறியாத வணிகரும் அளவையாளரும் பயன்பெறும் பொருட்டு, அடுத்த ஆண்டே அதன் சுருக்கத்தை ஜெர்மன் மொழியில் அவர் வெளியிட்டார். அரசர்க்குக் கணித்த கைகள் அங்காடியில் நிற்போர்க்கும் கணக்கு எழுதின.

தாயைக் காத்த மகன்

நூல் வெளிவந்த ஆண்டிலேயே கெப்ளரின் தாய்மீது பெரும்பழி விழுந்தது. அவர் கொடுத்த பானத்தைப் பருகியதால் நோயுற்றதாக அவ்வூர்ப் பெண் ஒருத்தி கூறினாள். கேத்தரினா சூனியக்காரி என்று குற்றம் சாட்டப்பட்டார். அக்காலத்தில் அக்குற்றத்திற்குத் தண்டனை உயிரோடு எரித்தலாகவும் இருக்கலாம். எழுபது வயதைக் கடந்த அம்மூதாட்டி 1620இல் சிறைப்பட்டார், சங்கிலியால் பிணிக்கப்பட்டார்.

கெப்ளர் தம் பணிகளை நிறுத்திவிட்டுத் தாயகம் சென்றார். சாட்சியங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராய்ந்தார். சூனியம் எனப்பட்ட நோய்களுக்கு இயற்கையான காரணங்கள் உண்டு என்றும், சாட்சியங்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்றும் நீண்ட எதிர்வாதத்தைத் தொகுத்து அளித்தார். வதைக் கருவிகளைக் காட்டி அச்சுறுத்தியபோதும் கேத்தரினா செய்யாத குற்றத்தை ஏற்கவில்லை. பதினான்கு திங்கள் சிறைக்குப் பின் 1621 அக்டோபரில் அவர் விடுவிக்கப்பட்டார். ஆறு திங்களில் காலமானார்.

இத்துயரங்களுக்கு இடையிலும் கெப்ளரின் ஆய்வு ஓயவில்லை. கோளின் சுற்றுக்காலத்தின் இருபடி, ஞாயிற்றிலிருந்து அதன் சராசரித் தொலைவின் முப்படிக்கு நேர்விகிதத்தில் அமையும் என்னும் மூன்றாம் விதியை 1618இல் கண்டறிந்து, அடுத்த ஆண்டு நூலாக வெளியிட்டார்.

உல்ம் நகரின் வெண்கலக் கலம்

1626இல் உழவர் கிளர்ச்சியின்போது லின்ஸ் நகரம் முற்றுகைக்கு உள்ளாயிற்று. கெப்ளரின் நூல்கள் அச்சான அச்சகம் தீக்கிரையானது. டைக்கோவின் அளவீடுகளைக் கொண்டு பல்லாண்டு உழைத்து உருவாக்கிய வானியல் அட்டவணைகளின் கையெழுத்துப்படியுடன் அவர் உல்ம் நகருக்குச் சென்றார். 'ருடால்ஃப் அட்டவணைகள்' என்னும் அந்நூல் 1627இல் அங்கு அச்சாயிற்று.

அந்நகரில் நீளம், கொள்ளளவு, எடை ஆகியவற்றிற்குத் தனித்தனி அளவுகள் வழங்கின. அவற்றிடையே ஒழுங்கான தொடர்பு இல்லை. அவற்றை ஒருங்கிணைக்குமாறு நகர ஆட்சியாளர் வேண்ட, கெப்ளர் ஒரே கலத்தை வடிவமைத்துக் கொடுத்தார். வெண்கலத்தில் வார்க்கப்பட்ட அக்கலத்தின் ஆழம் அந்நகர வழக்கில் இரண்டு அடி. குறுக்களவு ஒரு முழம். வெறுங்கலத்தின் எடை மூன்றரை நூறெடை. டான்யூப் ஆற்றுநீரால் நிரப்பினால் மொத்தம் ஏழு நூறெடை. தானியத்தை அதில் தலைதட்டி 64 முறை அளந்தால், அந்நகரத் தானிய அளவையில் 90 இமி ஆகும். ஒரு கலத்தை வைத்துக்கொண்டு துணி விற்பவரையும் மது விற்பவரையும் தானியம் விற்பவரையும் சரிபார்க்க முடிந்தது.

இறுதி நாள்கள்

பேரரசின் கருவூலம் கெப்ளருக்குத் தர வேண்டிய ஊதியத்தைப் பல்லாண்டுகளாக முழுமையாகத் தரவில்லை. பிறர்க்கு அளவு குறையாதிருக்கக் கணக்கு வகுத்தவர் தமக்குரியதைப் பெற அலைய நேர்ந்தது. நிலுவையைக் கேட்டுப் பெறும் நோக்குடன் 1630ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ரேகன்ஸ்பர்க் நகருக்குக் குதிரையில் சென்ற அவர், அங்குக் காய்ச்சலுற்று நவம்பர்த் திங்கள் 15ஆம் நாள் மறைந்தார். சில ஆண்டுகளில் போர் அவ்விடுகாட்டையும் அழித்தது. அவர் கல்லறை இருந்த இடமும் தெரியாமற் போயிற்று.

கெப்ளரின் மெல்லிய தகடுகளை இத்தாலியரான கவாலியெரி 1635இல் வெளியிட்ட நூலில் மேலும் வளர்த்தார். உச்சத்தின் அருகே மாற்றம் மறையும் என்னும் கருத்துக்குப் பிரெஞ்சு அறிஞர் ஃபெர்மா முறையான வடிவம் தந்தார். அந்நூற்றாண்டு முடிவதற்குள் நியூட்டனும் லைப்னிட்சும் நுண்கணிதத்தை நிறுவினர். இன்று பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவர் வகைக்கெழுவைச் சுழிக்குச் சமன்செய்து, கெப்ளர் நெடிது முயன்று கண்ட விடையைச் சில வரிகளில் பெற்றுவிடலாம். உல்ம் நகரின் வெண்கலக் கலம் இன்றும் அந்நகர அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.